ஒரு பித்தளைப் பிற்றிங்

மாமாவின்ர கார் ஹயருக்கு ஓடித்தான் வீட்டில் அடுப்பெரியுது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு அந்தக் காரின் விலை ஏறினதே தவிர, வயசு குறையேல்லை.

போன மாதம் றேடியேற்றருக்குக் கீழே சிவப்பாய் ஒழுகியிருந்தது. ஓட்டோ கியர் ஒயில். அது சூடாறுவதற்காக, றேடியேற்றர் தொட்டிக்குள் இருக்கிற சின்னக் கூலருக்குக் குழாய்வழி போய்வரும். அந்தக் குழாய் பூட்டுகிற பித்தளைப் பிற்றிங்கின் புரியை ஆரோ முன்னம் இறுக்கி இறுக்கி அழிச்சிருக்கினம்.

"பசை பூசினா நிக்காதே அண்ணை?"

"சூட்டுக்கு விட்டிடும் தம்பி. நடுவழியில ஒயில் கொட்டிச்செண்டா கியர்பொக்ஸ் சரி."

உள்கூலர் வெடித்திருந்தால் இன்னும் மோசம். தண்ணியும் ஒயிலும் கலந்து றோஸ் பால்மாதிரி ஆகிவிடும். கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் அதில் ஊறிப் பழுதாகும். நல்லகாலம், றேடியேற்றர் தண்ணி தெளிவாய் இருந்தது. கூலர் பக்கப் புரியும் தப்பியிருந்தது.

பழைய பிற்றிங்கைக் கழற்றி, அதே அளவில் புதிதாய் ஒன்றை லேத்தில் கடைந்து எடுத்தார் அண்ணை. பூட்டும்போது ஒரு ஸ்பனரால் அதைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் குழாய் நட்டை இறுக்கினார். ஒற்றை ஸ்பனரால் முறுக்கினால் உள்ளே கூலரும் சேர்ந்து திருகுப்படுமாம். முதல் ஆள் அப்படித்தான் முறுக்கியிருக்க வேணும்.

இரவு காருக்குக் கீழே மட்டை ஒன்றை விரித்துவிட்டோம். விடியப் பார்க்க, மட்டை காய்ந்தபடி இருந்தது. ஆறு மணிக்கு மாமா வவுனியா ஹயருக்குப் போய்விட்டார்.