பதினொரு பலகை

ஒருகொடவத்தையில் எங்கள் பலசரக்குக் கடைக்குப் பதினொரு பலகை. ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் எண் எழுதியிருக்கும். இரவில் அவற்றை வரிசை மாறாமல் செருகி, இரும்புச் சலாகையைக் குறுக்கே போட்டுப் பூட்டுவது கடைப் பொடியனின் வேலை. மலைநாட்டிலிருந்து வந்தவன், பதினாறு வயதிருக்கும். அப்பா அவனுக்கு முதலாளி, நான் தம்பி. பலகை வைக்கும்போது "எக்க, தெக்க, துன" என்று உரக்க எண்ணுவான். என் சிங்களம் அந்தப் பலகைகளில் படித்ததுதான்.

பேஸ்லைன் வீதியால் லொறிகள் ஓயாமல் போகும். காற்று திரும்பினால் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளின் வாடை சோற்றுக் கோப்பைவரை வரும். எங்கள் பின்வேலிக்கு அப்பால் நோனாவின் வீடு. அதற்கும் அப்பால் கங்குங் வளரும் சதுப்பு.

1983 ஜூலை 23, சனிக்கிழமை இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். ஞாயிறு இரவு பொரளையில் தொடங்கிய தீ, திங்கள் காலையில் புகையாக எங்கள் வானத்துக்கும் வந்தது. "ஓடிப்போய்க் கடையைப் பூட்டு" என்று அப்பா பொடியனை அனுப்பினார். அவன் போன கையோடு நோனா பின்வேலியில் நின்று கையசைத்தாள். அப்பா, அம்மா, அக்கா, தம்பி, நான் என்று ஐந்து பேரும் வேலி தாண்டினோம். அன்று பொடியன் எண்ணவில்லை. பலகை விழும் சத்தத்தை நான்தான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பதாவது விழுந்தபோது நோனா கதவைச் சாத்திவிட்டாள்.

அதே நாள், அதே பேஸ்லைன் வீதியிலுள்ள வெலிக்கடைச் சிறையில் முப்பத்தைந்து தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதும், 27ஆம் திகதி இன்னும் பதினெட்டுப் பேர் கொல்லப்பட்டதும் பிறகுதான் தெரியவந்தன.

நோனாவின் அறையில் முதலிரவு, யாரும் கேளாமலே அப்பா சொன்னார்: "அவனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. தப்பியிருப்பான்." அம்மா பொட்டழித்த நெற்றியோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்மலானை விமானநிலைய முகாமில் காரணம் மாறியது: "ஆறாவது ஆளுக்கு அந்த அறையில எங்க இடம்?" காங்கேசன்துறைக்குப் போன கப்பலில் இன்னொன்று சேர்ந்தது: "கூப்பிட்டிருந்தா சத்தத்தில எல்லாரும் பிடிபட்டிருப்பம்."

28ஆம் திகதி ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் பேசினார். வீடிழந்தவர்களுக்கு ஆறுதலாக ஒரு சொல் இல்லை. பிரிவினைக் கோரிக்கைக்குச் சிங்கள மக்கள் காட்டிய எதிர்ப்பே இது என்றார். செய்தி முகாமுக்கு வந்தபோது அப்பா கொதித்தார்: "செய்ததுக்கு வருத்தமில்லை, விளக்கம் மட்டும் இருக்கு!" சற்று நேரத்தில், சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவரிடம், "எங்கட கடைப் பொடியன் ஒருத்தன், சிங்களம் நல்லாக் கதைப்பான்..." என்று தொடங்கினார். ஓர் அரசின் சொல்லையும் பயந்துபோன ஒரு மனிதனின் சொல்லையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் என் காதில் இரண்டும் அடுத்தடுத்து விழுந்தன.

1985இல் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். ஒருகொடவத்தையைப் பார்க்கப் போனபோது, எதிர்வீட்டில் அம்மாவின் தையல் மெஷின். "நாங்க எடுக்காட்டி எரிஞ்சிருக்கும்" என்றாள் அந்த வீட்டுக்காரி. பொய்யில்லை, எங்கள் வீட்டில் கரிச்சுவர்தான் மிஞ்சியிருந்தது. ஆனால் மெஷினைத் திருப்பித் தரும் பேச்சு அவள் வாயில் வரவில்லை. அப்பா சொன்ன காரணங்களும் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் யாராவது மறுத்திருக்கலாம், அவரும் ஓய்ந்திருப்பார். நோனா மட்டும் எங்களை ஏன் உள்ளே எடுத்தாள் என்று யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த வருடமே ஒரு மாலை, பொடியன் வெள்ளவத்தை வீட்டு வாசலில் வந்து நின்றான். இரண்டு இரவுகள் சதுப்புக்குள் கிடந்தானாம். இடது கையில் நீளமான தழும்பு. அப்பா எழுந்தார். "தம்பி, அண்டைக்கு..." என்று தொடங்கினார்.

"விடுங்க முதலாளி. நீங்க கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். ரெண்டு பலகை மிச்சம் இருந்திச்சே."

இரண்டு வருடமாக அப்பா தேடியும் கிடைக்காத காரணத்தை அவன் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் கொடுத்துவிட்டான். அப்பாவால் அதை வாங்க முடியவில்லை. பெட்டியிலிருந்த காசையெல்லாம் எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது நான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம், எனக்கு அப்போது ஒன்பது வயது என்பதைத் தவறாமல் சேர்த்துக்கொள்கிறேன். உண்மைதான், ஒன்பதுதான். ஒன்பதாவது பலகை விழுந்ததைக் கேட்டு எண்ணத் தெரிந்த வயது.