உளூவுடன் இருந்த கை



சென்ற ஆண்டு என் உம்மா 19 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். கை நரம்புகளில் ஊசி நிற்காததால், கழுத்தில் உள்ள பெரிய நரம்பின் வழியே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தியிருந்தனர். 'சென்ட்ரல் லைன்' என்று செவிலியர்கள் அதைக் குறிப்பிட்டார்கள். அதன் நுனி இதயத்துக்கு மிக அருகில் நிற்கும். மருந்துகள் யாவும் அதன் வழியாகவே சென்றன.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே உம்மாவைப் பார்க்கச் சென்றேன். குழாயின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்திருந்தது. உறுத்துமே என்று விரலால் அழுத்தி ஒட்டினேன். பின்னர், கொண்டுசென்ற ஜம்ஜம் நீரில் பஞ்சை நனைத்து அவ்விடத்தைத் துடைக்க முனைந்தபோது செவிலியர் விரைந்து வந்து தடுத்தார்.

"பாய், கையைச் சுத்தம் பண்ணினீங்களா?"

"நான் உளூவோடு இருக்கிறேன், அம்மா" என்றேன். என் குரலில் சிறிது பெருமையும் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "உளூ தொழுகைக்கு, பாய். இது ரத்தத்துக்குப் போற வாசல்" என்றார்.

உளூச் செய்த பின்னர் நான் தொட்டவற்றை எண்ணிப் பார்த்தேன்: பேருந்தின் கம்பி, லிஃப்டின் பொத்தான், கைப்பேசி. தொழுகைக்கு என் உளூ முறியவில்லை. ஆனால் என் கை தூய்மையாக இல்லை.

இரண்டு நாட்களில் உம்மாவுக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. இரத்தத்தில் கிருமி இருப்பதாகப் பரிசோதனை காட்டியது. குழாயை அகற்றிப் புதிய மருந்துகள் கொடுத்தார்கள். "என் விரல்தான் காரணமா?" என்று மருத்துவரிடம் கேட்டேன். "யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதில் எனக்கு ஆறுதல் தரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், உம்மா நலமுடன் வீடு திரும்பினார்கள்.

தோல் என்பது அல்லாஹ் நமக்கு அமைத்த வேலி. தோலின்மேல் தீங்கின்றி வாழும் கிருமிகூட, இக்குழாய் வழியே நுழைந்தால் நேரே இரத்தத்தில் கலந்துவிடும். அமெரிக்க மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட், குழாய் செலுத்துவோர் தவறாது செய்ய வேண்டிய ஐந்து எளிய செயல்களைப் பட்டியலிட்டார்: கை கழுவுதல், நோயாளியை முழுதும் தூய துணியால் போர்த்தித் தாமும் அங்கி, முகக்கவசம் அணிதல், தோலைக் குளோர்ஹெக்ஸிடினால் துடைத்தல், இயன்றவரை தொடை நரம்பைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை அகற்றுதல். மிச்சிகன் மாநிலத்தின் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைக் கடைப்பிடித்தபோது, 1000 குழாய் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதங்களில் பூச்சியமாயிற்று. 2006இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

ஆல்கஹால் கலந்த கைத்திரவத்தைத் தொடச் சிலர் தயங்குகின்றனர். கிருமியை அழிக்க ஆல்கஹாலை வெளிப்புறத்தில் பயன்படுத்தலாம் என 2002இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை தெளிவுபடுத்தியுள்ளது. எனவே தயக்கமின்றி, கை உலரும்வரை 20 முதல் 30 விநாடிகள் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம்மீதுள்ள கடமை. அக்கடமையைத் தீங்கின்றி நிறைவேற்றுவோம். குழாயையும் பிளாஸ்திரியையும் தொடாதீர்கள். பிளாஸ்திரி நனைந்தாலோ பிரிந்தாலோ செவிலியரை அழையுங்கள். குழாய் உள்ள இடத்தில் ஜம்ஜம் உட்பட எந்த நீரும் படவேண்டாம். அதன்மேல் குனிந்து ஊதாமல், சற்று விலகியிருந்தே ஓதுங்கள். துஆவுக்குத் தூரம் தடையன்று. சளி, இருமல் இருந்தால் வீட்டிலிருந்தே துஆச் செய்யுங்கள். "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று மருத்துவரிடம் நாள்தோறும் பணிவுடன் கேளுங்கள். குளிரோ நடுக்கமோ காய்ச்சலோ கண்டால் உடனே தெரிவியுங்கள்.

மத்ரஸாவில் சிறுவர்களுக்கு உளூவின் ஃபர்ளுகளைக் கற்றுக்கொடுக்கும் நான், கை கழுவும் பாடத்தை ஒரு செவிலியரிடம் கற்றேன். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.