மார்க்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்

ஒரகடம் வட்டாரத்து ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் பேனல்களில் ஹெச்.ஆர். நாற்காலி என்னுடையது. அங்கே ஓரவஞ்சனை முறைத்துக்கொண்டு வருவதில்லை, அக்கறையாக விசாரித்துக்கொண்டு வரும். "எந்த ஊரும்மா? கல்யாணம் ஆயிடுச்சா? வீட்டுல விடுவாங்களா?" கேட்பவருக்கு அது வெறும் குசலம். அந்தப் பெண்ணுக்கோ, கருவியைக் கையில் எடுக்கும் முன்பே தேர்வு தொடங்கிவிடுகிறது. அதனால் முதல் இரண்டு நிமிடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வழி தெரிந்ததா, தண்ணீர் வேண்டுமா என்று நானே கேட்டுவிட்டு நேராகக் கேள்வித்தாளுக்குப் போய்விடுவேன்.

கேள்வித்தாள் தயாரிப்பதில்தான் என் முக்கால்வாசி வேலை. குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை என்றால், மேசைமேல் ஒரு ஷாஃப்ட், டிராயிங், 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர் காலிப்பர். துடைத்துவிட்டு அளக்கிறாரா, ஜீரோ பார்க்கிறாரா, ஒரே இடத்தில் நிறுத்தாமல் இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கிறாரா? பிறகு, "நீங்க ரிஜெக்ட் பண்ணுன பீஸை சூப்பர்வைசர் அனுப்பச் சொன்னா என்ன செய்வீங்க?" எல்லோருக்கும் இதே கேள்விகள், இதே வரிசை. நல்ல பதில் என்றால் எது என்பதை ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். வந்தபின் எழுதினால், பிடித்த ஆளின் பதிலே நல்ல பதிலாகிவிடும்.

அடுத்தது மார்க். ஆள் வெளியே போனதும் பேனலில் மூத்தவர் வாயைத் திறந்தால், மற்றவர்களின் பேனா அவர் பின்னாலேயே போகும். ஆகவே மார்க்கைப் போட்டுத் தாளைக் கவிழ்த்த பிறகுதான் பேச்சு. குறிப்புக் கட்டத்தில் குணச்சான்று கூடாது, ஆள் சொன்னதை எழுத வேண்டும். "அனுப்ப மாட்டேன், எழுதிக் குடுங்கன்னு கேப்பேன்" என்று பையன் சொன்னால் 'தைரியசாலி', பெண் சொன்னால் 'வாய் ஜாஸ்தி' என்று எழுதும் கைகள் உண்டு. சொன்னதை அப்படியே எழுத வைத்தால் இரண்டு தாளிலும் ஒரே வாக்கியம் இருக்கும். மார்க்கில் வித்தியாசம் போட்டவர் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

விண்ணப்பப் படிவமும் ஒரு பொறிதான். எல்.ஐ.சி.யில் சேர்ந்த நீரா மாத்தூர் என்ற பெண்ணிடம் மாதவிலக்குத் தேதி, கருத்தரித்த விவரம் வரை கேட்டு எழுதி வாங்கிய படிவம் உச்ச நீதிமன்றம் போனது. 1991-இல் நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கட்டங்களையும் நீக்கச் சொன்னது. இன்று அப்படி யாரும் அச்சடிப்பதில்லை, வாயால் கேட்கிறார்கள். காரணம் கேட்டால், 2017 திருத்தத்துக்குப் பின் 26 வாரமாகிவிட்ட மகப்பேறு விடுப்பைச் சொல்வார்கள். பக்கத்து ஆலையில் கொஞ்சம் கூடக் கிடைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் போகிற பையன்களைப் பற்றி இவர்கள் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

நைட் ஷிஃப்ட் நியாயமான கேள்விதான். ஆணிடமும் கேட்டால். "மூணு ஷிஃப்ட், வாரம் மாறும், ஒத்துவருமா?" என்று எல்லோரிடமும் கேட்கிறோம். ஒத்துவராது என்று சொல்லும் ஆண்களும் இருக்கிறார்கள், இத்தனை நாளாக அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெண்களுக்குப் போட்டிருந்த இரவு வேலைத் தடையை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றபோது, பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிர்வாகத்தையே பொறுப்பாக்கியது. பஸ் விடுவது நம் வேலை என்றான பிறகு, வீட்டில் விடுவார்களா என்று அவளிடம் கேட்பானேன்?

கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்போம். பெண்கள் பெரும்பாலும் பஸ், ஹாஸ்டல், கழிப்பறை பற்றிக் கேட்பார்கள். 'வேலையில ஆர்வம் இல்ல' என்று அதற்கும் மார்க் குறைத்தவர்கள் உண்டு. இப்போது அந்த விவரங்களை ஒரு தாளில் அச்சடித்து, காத்திருக்கும்போதே ஆண், பெண் எல்லோர் கையிலும் கொடுத்துவிடுகிறோம். பையன்களும் பஸ் நேரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.