டயரும் தாமத வருகையும்



போன மாதம் நான் சைக்கிளில் இருந்து விழுந்த செய்தியை என் மகள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். அன்று தொடங்கிய போன் இன்னும் நிற்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: முழங்கையில் சிராய்ப்பு, இடது மணிக்கட்டில் வீக்கம். எலும்புக்கு ஒன்றும் இல்லை. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் மலை சைக்கிள்?" என்று பதினோரு பேர் கேட்டுவிட்டீர்கள். வீட்டில் கேட்டது கணக்கில் வராது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த நீண்ட பதிவு. ஆனால் கடைசியில் ஒரே ஒருவனுக்காக எழுத வேண்டிய விஷயமும் இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

சைக்கிள் என் மகன் பெங்களூரில் வாங்கியது. வேலை மாறி வெளிநாடு போனபோது இங்கே கோவில்பட்டி வீட்டு மாடிப்படிக்கு அடியில் விட்டுப் போனான். டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார், முழங்கால் நடக்காதே என்றது. சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தேன். மூன்று வருடம் ஆகிறது.

வாத்தியார் புத்தி போகாதே. முதல் நாளே டயரில் இருந்த எண்களைப் படித்தேன். 27.5 x 2.10 என்று இருந்தது. பக்கத்தில் 54-584. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயர் 28 x 1½. அதை இந்தக் கணக்கில் எழுதினால் 40-635. இப்போது 29 என்று பெருமையாக விற்கிறார்களே, அதன் ரிம் 622 தான். அதாவது நம் பழைய 28, புதிய 29-ஐ விடப் பெரிய ரிம். பெயரை நம்பாதே, அளவைப் பார் என்று உங்களுக்கு நான் சொன்னதை இந்த டயரும் சொன்னது.

காற்றடைத்த டயரைத் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து 1888-ல் காப்புரிமை வாங்கியவர் பெல்ஃபாஸ்ட்டில் இருந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர். (அவருக்கு நாற்பது வருடம் முன்பே தாம்சன் என்பவர் இதையே செய்து காப்புரிமையும் வாங்கியிருந்தார். உலகம் அதை மறந்துவிட்டது.) 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பாய்ஸ் மலைப் பக்கம், சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண் பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பின்னால் மிதித்துப் போடும் பிரேக் கொதித்து, கிரீஸ் எரிந்து புகையாகிவிடுமாம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் புதிதாக அடைக்க வேண்டும். மலை சைக்கிள் என்று ஒன்று பிறந்தது அப்படித்தான்.

சரி, நம் மண்ணுக்கு வருவோம். மூன்று வருடத்தில் நான் ஓட்டியது நான்கு வகைத் தரை. நான்கும் டயரை நான்கு விதமாக நடத்தின.

முதலாவது தார் ரோடு. இதில் மலை டயர் "ங்ங்" என்று வண்டு போல இரையும். லாரிக்காரர்கள் பட்டன் என்பார்களே, அந்தப் பட்டன்கள் தாரில் மடங்கி மடங்கி எழும் சத்தம் அது. நாம் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அதிலேயே போகிறது. நடு வரிசைப் பட்டன்தான் முதலில் மொட்டையாகும், ஓரத்துப் பட்டன் புதிதாகவே இருக்கும். பின் டயர் முன் டயரைவிட வேகமாகத் தேயும். உடம்பின் பாரம் அதிகம் பின்னால்தான், சங்கிலி இழுப்பதும் பின் சக்கரத்தைத்தான்.

இரண்டாவது தேரி. சாத்தான்குளம் பக்கம் என் தங்கை வீடு. அங்கிருந்து குதிரைமொழித் தேரி பக்கம். சிவப்பு மணல் மாவு மாதிரி கிடக்கும். முதல் தடவை காற்றை இறுக்கி அடித்துப் போனேன். பத்தடியில் முன் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. பனை ஏறிக்கொண்டிருந்த ஒருவர் மேலே இருந்தே சிரித்தார்.

இங்கே ஒரு கணக்கு. நானும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. பின் சக்கரத்தில் 48 கிலோ என்று வையுங்கள். டயரில் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தத்தில் இருந்தால் (பம்பு மானியில் 42 சொச்சம் காட்டும்) டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 48 ÷ 3 = 16 சதுர சென்டிமீட்டர். காற்றைப் பாதியாக்கினால்? 48 ÷ 1.5 = 32. பாதம் இரட்டிப்பாகிறது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதன் காரணம் இதுதானே! காற்றை இறக்கிய பிறகு தேரியில் கொஞ்ச தூரம் ஓட்ட முடிந்தது. முன் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டில்பாரை வெட்டித் திருப்பாமல், ஒரே சீராக மிதிக்க வேண்டும். மணல் டயரைக் கிழிக்காது, அதிகம் தேய்க்கவும் செய்யாது. நம் மூச்சைத்தான் தேய்க்கும்.

மூன்றாவது சரளை. கழுகுமலைப் பக்கத்து வண்டிப்பாதைகள். தேரிக்கு இறக்கிய காற்றோடு இங்கே வந்தால் கல்லில் மோதும்போது டயர் நசுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் அகப்பட்டுக்கொள்ளும். பாம்பு கடித்தது மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். கூர்ங்கல் பட்டன்களின் விளிம்பைக் கடித்துக் கடித்து எடுக்கும், டயரின் பக்கச் சுவரையும் கீறும். இறக்கத்தில் பின் பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனால் ஒரே நாளில் ஒரு மாதத் தேய்மானம். இதற்கு மேல் வேலிக்கருவை முள். என் பையில் பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் நான் தெருமுனையைத் தாண்டுவதில்லை.

போன மாதம் விழுந்தது இந்தச் சரளையில்தான். தப்பு என் மேல். பின் டயர் மொட்டையானதும் புது டயர் ஒன்று வாங்கிப் பின்னால் மாட்டினேன். தேய்ந்தது எதுவோ அதை மாற்றுவதுதானே நம் சிக்கனம்? முன் டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ கோடை கண்டு ரப்பர் இறுகி, பக்கத்தில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. வளைவில் திரும்பினேன். பின்னால் பிடித்தது, முன்னால் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் தரைதான். ஆகவே புது டயரை எப்போதும் முன்னால் மாட்டுங்கள், முன்னால் இருந்ததைப் பின்னால் தள்ளுங்கள். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் உருளும் திசை பார்த்து மாட்டுங்கள். சைக்கிளை வெயிலில் நிறுத்தாதீர்கள். டயரில் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் ரப்பருக்கு உயிர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது கரிசல். இதைப் பற்றித்தான் ஒரு வருடமாக எழுத நினைத்து எழுதாமல் விட்டிருந்தேன். விழுந்து கிடந்ததில் நேரம் கிடைத்தது.

போன கார்த்திகையில், விளாத்திகுளம் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த கிராமத்துக்குப் போனேன். பழைய ஆசிரியர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று சைக்கிளை பஸ்ஸில் மேலே ஏற்றிக்கொண்டு போனேன். அவர் வீடு பள்ளிக்கூடத்தில் இருந்து 4 கிலோமீட்டர் உள்ளே. தார் ரோடு சுற்றிக்கொண்டு போகிறது. பழைய வண்டிப்பாதை குறுக்கு வழி. முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. மலை சைக்கிள்தானே என்ற தைரியத்தில் குறுக்கு வழியில் இறங்கினேன்.

நூறு அடிகூடப் போகவில்லை. கரிசல் டயரில் ஒட்டிக்கொண்டே வந்தது. பட்டன்களுக்கு நடுவே இருந்த இடைவெளி எல்லாம் நிரம்பி, டயர் கருப்புக் களி உருண்டை ஆனது. பிறகு மண்மேல் மண் ஒட்டியது. முன் கவைக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றுவதே நின்றுபோனது. 15 கிலோ சைக்கிளைத் தூக்கினால் இரண்டு மடங்கு கனம். ஈரக் கரிசலுக்கு என்றே உயரமான, விலகி விலகி இருக்கும் பட்டன் வேண்டும். அதுவும் ஓரளவுக்குத்தான்.

பருத்திக் காட்டில் நின்ற பெரியவர் ஒருவர் குச்சி ஒன்றை ஒடித்துக் கொடுத்தார். "உருட்டாதீங்கய்யா, உருட்ட உருட்டத்தான் அப்பும். சொரண்டிட்டுத் தோள்ல போட்டுக்கிடுங்க. அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அப்படித்தான போகும்" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார வேண்டும் போல் இருந்தது.

1994. எட்டாம் வகுப்பு. அதே சிற்றூரில் இருந்து அதே பாதையில் ஒரு பையன் வருவான். அவன் அப்பாவின் சைக்கிள். கேரியரில் தங்கச்சி. வெயில் காலத்தில் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுவான். ஐப்பசி பிறந்தால் தினமும் தாமதம். அரை மணி, முக்கால் மணி. சட்டையெல்லாம் கரிசல். முதல் பாடவேளை என் கணக்கு. அவனை வாசலுக்கு வெளியே நிற்க வைப்பேன். ஒரு நாள் ஏன் தாமதம் என்று கேட்டேன். "சக்கரம் சுத்த மாட்டேங்கு சார்" என்றான். வகுப்பே சிரித்தது. கேலி செய்கிறான் என்று நினைத்து இரண்டு அடி போட்டேன். கையை நீட்டினான், அழவில்லை.

நான் கோவில்பட்டியில் இருந்து பஸ்ஸில் வந்து பள்ளிக்கூட வாசலில் தார் ரோட்டில் இறங்குகிறவன். அந்தப் பாதையில் ஒரு மழை நாளில்கூட நான் கால் வைத்ததில்லை. என் சைக்கிளில் மட்கார்டு இல்லை. அவன் சைக்கிளில் இருந்தது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்குமா? எனக்கு நூறு அடியில் நின்ற சக்கரம், அவனுக்கு ஐம்பது அடியில் நின்றிருக்கும். பதின்மூன்று வயதுப் பையன், ஒரு தோளில் சைக்கிள், மறு கையில் தங்கச்சி, முதுகில் பை. 4 கிலோமீட்டர்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறான் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டேன். வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று எனக்கு நானே இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் அவன் உள்ளதைச் சொன்னான். நான் நம்பவில்லை. சக்கரம் ஏன் சுற்றவில்லை என்று வெளியே வந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சைக்கிள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில்தான் நின்றது.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவனுக்குத் தெரியும், அந்த வகுப்பில் படித்தவர்களுக்கும் தெரியும். இப்போது 44, 45 வயது இருக்கும். யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். எங்கே இருந்தாலும் நான் போய்ப் பார்க்கிறேன். தம்பி, நீயே இதை வாசித்தால், நீ சொன்னது சரி. சக்கரம் சுற்றாதுதான். அடித்தது தப்பு. மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்குத் தயக்கம் இல்லை. கேட்கத் தாமதமானதுதான் வெட்கமாக இருக்கிறது.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருக்கிறவர்கள் பலர். ஐப்பசி வந்துவிட்டது. தாமதமாக வரும் பிள்ளையிடம் கேள்வி கேட்கும் முன் அது எந்தப் பாதையில் வருகிறது என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள்.

மற்றபடி சைக்கிளை விடுவதாக இல்லை. மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது. புது டயர் முன்னால் ஏறிவிட்டது. வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது.

அனைவரும் நலமாக இருங்கள்.