ஈயம் போச்சு, இரும்பு இருக்கு

காலையில் கரமனை அச்சகத்தின் பலகைக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றதும், சாமி படத்துக்குப் பூ வைப்பதற்கு முன்பே அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்துவிடுகிறார். டிரெடில் மெஷினை ஒரு சுற்று. ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் முதலில் ஒரு கம்பி, பிறகு இரண்டு சொட்டு. காகிதத் தூசு துளையை அடைத்திருந்தால் எண்ணெய் வெளியே வழியும். உள்ளே இரும்பும் இரும்பும் உரசித் தேயும். எழுபது வயதைத் தாண்டியவருக்கு இது பழகிப்போன பிரதட்சிணம்.

தேங்காய் எண்ணெய் மட்டும் ஆகாது. வீட்டில் இருப்பதுதானே என்று விட்டுப் பார்த்தவர்கள் உண்டு. நாள்பட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அப்புறம் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ வேண்டியதுதான்.

காலால் மிதிக்கும் பலகையால் வந்த பெயர் டிரெடில். அமெரிக்கரான ஜார்ஜ் கார்டன் 1851இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வம்சாவளி. கிளீவ்லாந்தின் சாண்ட்லர் அண்ட் பிரைஸ் கம்பெனி 1964 வரை இந்த ரகத்தைச் செய்துகொண்டிருந்தது என்றால் அதன் ஆயுளைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு இரும்புப் பலகைகள் சிப்பி போலத் திறந்து மூடும். ஒன்றில் எழுத்து, மற்றதில் காகிதம். திறந்திருக்கும் கண நேரத்தில் வலது கை புதுக் காகிதத்தை வைக்க, இடது கை அச்சானதை எடுக்க வேண்டும். கவனம் பிசகினால் விரல் போய்விடும். காகிதத்தைத் தானே கவ்வி எடுக்கும் ஹைடல்பர்க் 1914லேயே ஜெர்மனியில் வந்துவிட்டதுதான். ஆனால் ஒற்றை அறை அச்சகங்களுக்கு அந்த விலை எட்டியதில்லை.

இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் இரும்புக்குத் துரு என்றால் ரோலருக்கு வேறு சங்கடம். அந்தக் காலத்து ரோலர்கள் வஜ்ஜிரமும் வெல்லப்பாகும் காய்ச்சி வார்த்தவை. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும்; வெயிலில் இளகும். ரப்பர் வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனாலும் ராத்திரி ரோலரை மைத்தட்டின் மேல் அழுத்தியபடி விட்டுப் போனால் காலையில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். ஆகவே கடை அடைக்கும்போது ரோலர்களைக் கழற்றித் துடைத்துத் தாங்கியில் வைக்கிறார். இந்த வேலையை அவர் எவரிடமும் ஒப்படைப்பதில்லை.

இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய மெஷினில் இன்று ஒரு வரிகூட அச்சாவதில்லை.

கரமனை அக்கிரகாரத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வரும் என்பதால் அவரிடம் இரண்டு மொழிக்கும் எழுத்துப் பெட்டிகள் இருந்தன. 1971இல் கேரள அரசு மலையாள லிபியைச் சீர்திருத்தியது. சுமார் 900 வடிவங்கள் 90 ஆகச் சுருங்கின. கம்பாசிட்டருக்கு விடுதலை, ஆனால் கூட்டெழுத்துப் பெட்டிகள் முடங்கின. 1978இல் தமிழ்நாட்டு அரசாணையால் துதிக்கை வளைந்த லை, னை போன்றவை வழக்கொழிந்தன. புது எழுத்து வாங்கினார். பிறகு ஆப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, எழுத்து வார்க்கும் கடைகள் மூடின. தேய்ந்த எழுத்துக்கு மாற்று இல்லை. ஒரு கஷ்டமான வருஷத்தில் பழையதும் புதியதுமாக எல்லாவற்றையும் ஈய விலைக்குப் போட்டார்.

1999இல் ரசனா என்ற கம்ப்யூட்டர் எழுத்துருவோடு மலையாளப் பழைய லிபி திரும்பி வந்தது. 2022இல் கேரள அரசே பழைய வடிவங்கள் சிலவற்றுக்குத் திரும்ப முடிவெடுத்தது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று அவர் அதிகம் பேசவில்லை.

டிரெடில் தப்பியது வேறு வேலையால். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் போடுவது, கிழிப்பதற்குத் துளைக்கோடு இடுவது, அட்டையை மடிக்க வரி அழுத்துவது. பக்கத்து டிஜிட்டல் கடைக்காரர்கள் பளபளப்பாக அடித்த தாள்களைத் தூக்கிக்கொண்டு இவரிடம் வருகிறார்கள்.

ஒரு ஓட்டல்காரர் வரவேற்பறையில் நிறுத்த மெஷினைக் கேட்டார். நல்ல விலை. கறுப்பு வார்னிஷ் பூசி, விளக்கு போட்டு வைப்பதாகச் சொன்னார். மகனுக்குச் சம்மதம், அப்பாவின் முதுகுவலி அவனுக்குத் தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யார் எண்ணெய் விடுவது? காட்சிப்பொருளுக்கு எதற்கு எண்ணெய் என்று வந்தவர் சிரித்தார். வியாபாரம் அங்கேயே முறிந்தது. பிடிவாதம் என்று சொல்லலாம். ஆனால் ஓடாத மெஷினில் பழைய எண்ணெய் இறுகி, துரு ஏறி, சக்கரம் அசைய மறுப்பதற்கு அதிக காலம் ஆகாது என்பது அவருக்கும் அவர் தொழிலுக்கும் தெரிந்த விஷயம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, கோயில் ரசீதுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பாக்கி 83 தாள். காலையில் வந்து வாங்கிக்கொள்வார்கள். மகன் நாளைக்குப் பார்க்கலாம் என்றான். அவர் மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி, மெழுகுவத்தி ஏற்றி, மிதிபலகையில் காலை வைத்தார். சக்கரம் கனத்துச் சுழல ஆரம்பித்தது. மகன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லித் தானே மிதித்தான். காகிதம் வைக்கும் வேலையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.