பலூலேயில் ஓர் இரவு

க்ரூகர் தேசியப் பூங்காவில் ஓர் இரவு தங்குவது என்று முடிவெடுத்த உடனேயே எங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. எந்த முகாமில் தங்குவது?

நாங்கள் மூன்று பேரும் போனில் படங்களைப் பார்த்து ஒலிஃபன்ட்ஸ் முகாமைத் தெரிவு செய்து வைத்திருந்தோம். உயரமான பாறை விளிம்பில் குடில்கள், கீழே ஆறு, ஆற்றுக்குள் யானைகள். ஆபிரிக்கான்ஸ் மொழியில் ஒலிஃபன்ட் என்றாலே யானைதான். ஆனால் எங்களோடு வரவிருந்த அன்ரி, "பலூலே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தேடிப் பார்த்தோம். ஆறு சின்னக் குடிசைகள், கூடாரம் போட ஒரு வெளி, அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது. கடை கிடையாது.

"கரண்ட் இல்லாம இருக்கிறதுக்கு ஏன் ஆபிரிக்கா வரைக்கும் வரவேணும்? அம்மாட்டக் கேட்டா அந்தக் கதை எல்லாம் சும்மாவே சொல்லுவா" என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். தொண்ணூறுகளில் பிறந்த எங்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு பாதி நினைவு, பாதி கேட்ட கதை.

முதலில் அன்ரி யார் என்று சொல்லவேண்டும். நினைவுகூரல், வாய்மொழி வரலாறு பற்றிய ஒரு பயிற்சிப் பட்டறைக்காக நாங்கள் ஜொஹானஸ்பேர்க்கிற்குப் போயிருந்தோம். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவரின் தாயார்தான் அவர். டேர்பனில் பிறந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் டேர்பனில் வந்து இறங்கியதிலிருந்து அந்த நாட்டில் தமிழர்கள் இருக்கிறார்கள். கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர் அன்ரி. அவருக்குத் தெரிந்த தமிழ் மிகக் கொஞ்சம்: அம்மா, தண்ணி, வா, சாப்பிடு, பயப்படாதே. மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். கீழே அவர் சொன்னதாக வருவதெல்லாம் நாங்கள் தமிழில் எழுதியவை.

யூலை மாதம், அங்கே குளிர்காலம். மழையில்லாத காலம் என்பதால் புல் தாழ்ந்து, மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். மிருகங்கள் தண்ணீரைத் தேடி ஆற்றுப் பக்கம் வரும். பார்ப்பதற்கு இதுதான் நல்ல காலம். ஆனால் விடியற்காலைக் குளிர் எங்களைப்போன்ற வெயில் தேசத்துச் சனத்துக்கு ஆகாது. நாலு மணிக்கு ஜொஹானஸ்பேர்க்கிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டபோது எல்லாரும் போர்வைக்குள். அங்கேயும் இடது பக்கம்தான் வாகனம் ஓட்டவேண்டும் என்பது எங்கள் சாரதிக்குப் பெரிய ஆறுதல்.

ஓர்பன் வாசலால் உள்ளே போனோம். பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீற்றர். எங்கள் வட மாகாணத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். தார் றோட்டில் மணிக்கு 50 கிலோமீற்றர், மண் றோட்டில் 40, அதற்கு மேல் ஓடக்கூடாது. குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. யூலையில் மாலை 5.30க்கு முன்னர் முகாமுக்குள் போய்விடவேண்டும், பிந்தினால் தண்டம். காட்டில் ஊரடங்கு மனிதருக்குத்தான்.

முதலில் வந்தவை இம்பாலா மான்கள். முதல் பத்து மானுக்கும் காரை நிறுத்திப் படம் எடுத்தோம். அன்ரி ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதாவது மானுக்குப் பிறகு யாரும் போனைத் தூக்கவே இல்லை. பின்பக்கத்தில் கறுப்புக் கோடுகள் ஆங்கில 'எம்' எழுத்தைப்போல இருப்பதால் இதை எல்லாரும் 'மக்டொனால்ட்ஸ்' என்று பகிடியாகச் சொல்வார்களாம். பிறகு வரிக்குதிரைகள். பிறகு றோட்டைக் கடக்க அவசரமே இல்லாத ஓர் ஒட்டகச்சிவிங்கி.

சதாராவைத் தாண்டி வடக்கே போகும்போதுதான் யானைக் கூட்டம் வந்தது. யானை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த யானை வேறு. காது ஒரு சுளகு மாதிரி இல்லை, கதவு மாதிரி. பெண் யானைக்கும் கொம்பு இருக்கிறது. எங்கள் நாட்டில் ஆண் யானைகளிலேயே கொம்புள்ளவை குறைவு. கூட்டத்தின் கடைசியில் வந்த ஒன்று நின்று, காதை விரித்து, எங்கள் காரைப் பார்த்தது. எஞ்சினை நிறுத்துவதா, பின்னால் எடுப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பின் இருக்கையிலிருந்து அன்ரி தமிழில் "பயப்படாதே" என்றார். யானைக்குச் சொன்னாரா, எங்களுக்குச் சொன்னாரா என்று பிறகு நாங்கள் நெடுநேரம் விவாதித்தோம். யானை போய்விட்டது.

1967இலிருந்து 1994 வரைக்கும் எண்ணிக்கை கூடிவிட்டது என்ற காரணத்துக்காக இந்தப் பூங்காவில் 14,000க்கு மேற்பட்ட யானைகளை நிர்வாகமே கொன்றது. யானை மறக்காது என்று சொல்வார்கள். அது எங்களைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை.

ஒலிஃபன்ட்ஸில்தான் பலூலேக்கும் பதிவு செய்யவேண்டும். பாறை விளிம்பில் நின்று ஆற்றைப் பார்த்தோம். படத்தில் இருந்ததைவிட வடிவு. "இப்பவும் மாத்தலாம் அன்ரி" என்று கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார்த்தோம். அவர் ஏற்கெனவே கார்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தார்.

பலூலே அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். மரங்களுக்கு நடுவே வட்டக் குடிசைகள், சுற்றிவரக் கம்பிவேலி, வேலியில் 'கழுதைப்புலிகளுக்கு உணவு போடவேண்டாம்' என்ற பலகை. அன்ரி இறங்கினார். குடிசைகளைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். "மரங்கள் வளர்ந்துவிட்டன" என்றார்.

அப்போதுதான் கேட்டோம். "முன்னம் வந்திருக்கிறீங்களா?"

அறுபதுகளில், பத்து வயதில் வந்திருக்கிறார். அப்போது அந்தப் பெரிய பூங்காவின் நல்ல முகாம்கள் எல்லாம் வெள்ளையர்களுக்கு. கறுப்பர்களும் இந்தியர்களும் தங்குவதென்றால் இந்தப் பலூலேதான். இந்தியர்கள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போவதற்கே அனுமதிப் பத்திரம் எடுக்கவேண்டிய காலம் அது. அவருடைய தகப்பன் ஒரு தையற்காரர். நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குள் வருவதற்குப் பாஸ் எடுத்து, வழியில் ஹொட்டேல் எதுவும் தங்க விடாததால் காருக்குள்ளேயே படுத்து, நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சிங்கம் பார்க்க.

பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஓர் அலுமாரி நிறையக் கதை இருக்கிறது.

இருட்டியது. முகாமில் வேலை செய்பவர் மண்ணெண்ணெய் விளக்குகளைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போனார். நெருப்பு மூட்டினோம். அன்ரி பாண் றாத்தல்களைப் பாதியாக வெட்டி, நடுவே தோண்டி எடுத்து, கொண்டுவந்த ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கி உள்ளே ஊற்றித் தந்தார். டேர்பன்காரர்கள் இதை 'பன்னி சௌ' என்கிறார்கள். தோண்டி எடுத்த பாணாலேயே கறியைத் தொட்டுச் சாப்பிடவேண்டும். காரம் எங்கள் ஊர்க் காரம். எங்கள் யாழ்ப்பாணத்து அம்மாக்களுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை?

பட்டறையில் பத்து நாட்கள் படித்த பிள்ளைகள் அல்லவா, எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒருவர் போனில் ஒலிப்பதிவைத் தயார் செய்தார். மற்றவர் குரலைத் தாழ்த்தி, அங்கே சொல்லித் தந்த மாதிரியே, "அன்ரி, அந்த நேரம் உங்களுக்கு எப்பிடி இருந்தது?" என்று கேட்டார். அவமானம், கோபம், கண்ணீர் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தோம்.

"என் வாழ்க்கையிலேயே நல்ல விடுமுறை அதுதான்" என்றார் அன்ரி.

எங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

"அப்பா பகல் முழுதும் தைத்துக்கொண்டே இருப்பார். எங்களோடு அவர் இருந்ததே இல்லை. இங்கே மூன்று நாளும் எங்களோடு மட்டும் இருந்தார். இரவில் சிங்கம் கத்தியது. தங்கச்சி அழுதாள். அப்பா எங்கள் நாலு பேரையும் வெளியே கூட்டிவந்து, சத்தம் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சட்டம் கெட்ட சட்டம். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரவு எங்களுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்."

ஒலிப்பதிவை நிறுத்திவிட்டோம்.

அன்றைக்கு அதற்குமேல் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விளக்கைச் சுற்றி இருந்தபோது கதை தானாகவே வேலியைப் பற்றிப் போனது. இந்தப் பூங்காவின் தலைமை முகாமுக்குப் பெயர் ஸ்குகூசா. 1902இல் காப்பாளராக வந்த ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹமில்டனுக்கு அங்கிருந்த மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. கூட்டித் துடைப்பவன் என்று அர்த்தம். அவர் கூட்டித் துடைத்தது அங்கே குடியிருந்த சனத்தை. வடக்கே மகுலேகே மக்களை 1969இல் துப்பாக்கி முனையில் எழுப்பி, அந்தக் காணியைப் பூங்காவோடு சேர்த்தார்கள். நிறவெறி ஆட்சி போனபிறகு அவர்கள் வழக்காடி, 1998இல் ஏறத்தாழ 24,000 ஹெக்டேயர் காணியைத் திரும்ப எடுத்தார்கள். எடுத்தபிறகு அதைக் காடாகவே வைத்திருக்கவும் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். விடுதிகளால் வரும் வருமானம் அவர்களுக்கு.

எங்கள் நாட்டில் 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேடுவ மக்கள் தங்கள் வேட்டைக் காட்டை இழந்தார்கள். போர் முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள், தாங்கள் பயிர் செய்த காணி வனமாகிவிட்டதை வர்த்தமானியில் கண்ட கதைகளும் எங்களிடம் உண்டு. யானைக்குக் காடு வேண்டும் என்று நாங்கள் உண்மையாகவே நம்புகிறோம். ஆனால் எங்கள் நாட்டில் யாராவது காணியைத் திரும்பக் கொடுத்துவிட்டு, 'இனி இதை என்ன செய்வோம்' என்று அந்தச் சனத்திடமே கேட்டிருக்கிறார்களா?

வேலிக்கு வெளியே ஏதோ அசைந்தது. ரோர்ச் அடித்தோம். இரண்டு கண்கள். புள்ளிக் கழுதைப்புலி. முன்கால் உயரம், பின்கால் பதிவு, நொண்டுவதுபோல ஒரு நடை. கம்பிவேலியை ஒட்டி மெதுவாக நடந்து, எங்களையும் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியையும் பார்த்துவிட்டு, சுற்றிப் போய், திரும்பவும் வந்தது. கைக்கெட்டும் தூரம். அதன் நாற்றம்கூட எங்களுக்கு வந்தது. கூட்டுக்குள் இருப்பது நாங்கள்தான் என்ற பகிடியை அங்கே போகிற எல்லாரும் சொல்வார்கள், நாங்களும் சொன்னோம். அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. "வேலி யாருக்காக என்பதல்ல, படலையின் திறப்பு யாரிடம் என்பதுதான் விஷயம்" என்றார்.

படுக்கப் போய், கண்ணயர்ந்த நேரம். முதலில் லொறி ஒன்று தூரத்தில் ஏற்றம் ஏறுவதாக நினைத்தோம். பிறகு விளங்கியது. அது காதால் கேட்கிற சத்தமில்லை, நெஞ்சாங்கூட்டுக்குள் வந்து இருக்கிற சத்தம். சிங்கத்தின் கர்ச்சனை எட்டுக் கிலோமீற்றர் வரை கேட்கும் என்பார்கள். இது பக்கத்திலா, ஆற்றுக்கு அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. குடிசைக் கதவைத் திறந்தோம். அன்ரி ஏற்கெனவே வெளியே நின்றார். போர்வையைச் சுற்றிக்கொண்டு, விளக்கும் இல்லாமல்.

நாங்கள் மூன்று பேரும் போய்ப் பக்கத்தில் நின்றோம். இன்னொருதரம் கத்தியது. அன்ரி கையை நீட்டி, சத்தம் வந்த பக்கத்தைக் காட்டினார். அவர் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மேலே வானம் முழுக்க வெள்ளி. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, கால் விறைத்துப்போனது மட்டும் தெரியும்.

காலை ஆறு மணிக்குப் படலை திறந்தது. அன்ரி விளக்குச் சிமினியைக் கடதாசியால் துடைத்துக் குடிசை வாசலில் வைத்தார். வீட்டில் அம்மாவும் இப்படித்தான், கரிபிடித்த சிமினியை விடியப்பறம் துடைப்பாவாம்.

சிங்கத்தை நாங்கள் கடைசிவரைக்கும் காணவில்லை. திரும்பி வந்தபிறகு எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். "காணேல்லை, கேட்டம்" என்று சொன்னால் பாவம் என்று பார்க்கிறார்கள். அதனால் இப்போது நாங்கள் அவர்களுக்கு அன்ரியின் கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். எங்கள் அம்மாக்களிடமும் கேள்வியை மாற்றிவிட்டோம். விளக்குக் காலத்தில் என்ன கஷ்டப்பட்டீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அந்த விளக்கைச் சுற்றி இருந்து எதற்குச் சிரித்தீர்கள் என்றும் கேட்கிறோம். அம்மாக்கள் முதலில் கொஞ்ச நேரம் யோசிக்கிறார்கள். பிறகு கதை வருகிறது.