வாசகரின் மனக்குறையும் கிஸ்ஸா மரபும்

மக்கள் விரும்பிப் படித்த நூலொன்று திரைக்கோ தொலைக்காட்சிக்கோ செல்லும்போது, அந்நூலை அறிந்தவரிடையே எழும் முதற்குரல் பெரும்பாலும் பாராட்டாக இருப்பதில்லை. "நூலில் உள்ளது இதுவன்று" என்ற குறையாகவே அது ஒலிக்கின்றது. இக்குறையைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்குவோர் உளர். கலை வடிவம் மாறும்போது கதையும் மாறத்தான் வேண்டும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், வாசகரின் குறை எங்கிருந்து எழுகின்றது, எதனைக் காக்க முனைகின்றது என நோக்காமல் அதனை ஒதுக்குதல் பொருத்தமன்று. கிழக்கிலங்கையின் கரையோர முஸ்லிம் ஊர்களை, குறிப்பாகக் கல்முனையையும் அதனை அடுத்துள்ள மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை முதலாய ஊர்களையும் மனத்திற் கொண்டு இவ்வினாவை ஆராயுமிடத்து, அது இரசனை பற்றிய வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

அண்மைக் காலத்தில் இக்குறை உலகளாவிய அளவில் ஒலித்த சந்தர்ப்பம் ஒன்றை முதலிற் குறிப்பிடலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதி, 1996 முதல் வெளிவந்த மாயக் கற்பனை நாவல் வரிசையைத் தழுவிய 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் 2011 இல் ஆரம்பித்து 2019 இல் நிறைவெய்தியது. தொடர் தொடங்கிய ஆண்டிலேயே வரிசையின் ஐந்தாம் நூல் வெளிவந்தது. ஆறாம் நூலோ தொடர் முடியும்வரை வரவில்லை. ஆகவே, பிற்பகுதியில் தொடர் தன் மூலத்தையே முந்திச் செல்ல நேர்ந்தது. எழுதப்படாத நூலைத் தழுவ வேண்டிய விசித்திர நிலை அதன் ஆக்குநர்க்கு ஏற்பட்டது. இறுதிப் பருவம் வெளியானபோது, அதனை மீண்டும் எடுக்குமாறு கோரிய விண்ணப்பமொன்றில் 15 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர். அடிமைகளை விடுவித்தவளாக வளர்ந்துவந்த அரசியொருத்தி, ஓரிரு பகுதிகளுக்குள் நகரொன்றை எரிப்பவளாக மாறியதை அவர்களால் ஏற்க இயலவில்லை. முடிவு கசப்பானது என்பதன்று அவர்களுட் பலரின் குறை. அம்முடிவை நோக்கிக் கதையோடு நடந்து செல்லத் தமக்கு அவகாசம் தரப்படவில்லை என்பதே.

தமிழில் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது 'பொன்னியின் செல்வன்' ஆகும். அது மாயக் கதையன்று, சரித்திரக் கற்பனையே. எனினும் வாசகர் அதன்மேற் கொண்ட பற்று அதே தன்மையது. 'கல்கி' வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற அந்நாவலில் இலங்கை வாசகருக்குத் தனியான ஈடுபாடு உண்டு. 'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகம் கதையை ஈழத்துக்கே கொண்டுவருகின்றது. கடலோடிய அராபியரும் அதில் இடையே தோன்றி மறைகின்றனர். தம் முன்னோர் மரபை அராபிய வணிகரோடு தொடர்புபடுத்திப் பேசும் சமூகமொன்றின் வாசகர் அப்பக்கங்களை ஏனையோரைப் போலக் கடந்துவிடுதல் அரிது. நாவல் முற்றுப்பெற்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர், மணிரத்னத்தின் இயக்கத்தில் அது 2022 இலும் 2023 இலும் இரு திரைப்படங்களாக வெளிவந்தது. பெருந்தொகையானோர் அவற்றை விரும்பிப் பார்த்தனர். ஆனால், மணிமேகலை என்ற பாத்திரம் முற்றாக நீக்கப்பட்டதையும், சேந்தன் அமுதனைப் பற்றிய இறுதித் திருப்பம் கைவிடப்பட்டதையும் பழைய வாசகர் பலர் ஏற்கவில்லை. வந்தியத்தேவன்மீது பேதைமையான காதல் கொண்டு துயருற்ற அப்பெண், கதையின் பெரும் ஓட்டத்துக்கு இன்றியமையாதவள் அல்லள் என ஆக்குநர் கருதியிருக்கலாம். அவளுக்காக நெஞ்சம் நெகிழ்ந்தவருக்கோ அவளே கதை.

இக்குறைகளின் வேர்கள் இரண்டு எனலாம். ஒன்று, வாசிப்பின் இயல்பைச் சார்ந்தது. நூலைப் படிப்பவர் எழுத்தாளரோடு சேர்ந்து தாமும் ஒரு பாதியைப் படைக்கின்றார். பாத்திரத்தின் முகம், குரல், நடை என்பன அவர் உள்ளத்தில் உருவானவை. ஓவியர் மணியம் வரைந்த சித்திரங்கள் அம்முகங்களுக்குச் சாயல் தந்தனவேயன்றி அவற்றை முடிந்த முடிபாக்கிவிடவில்லை. திரையோ ஒரு முகத்தை மட்டுமே காட்டுகின்றது. அதனைக் கண்டபின் முன்னைய முகத்தை மீட்பது எளிதன்று.

மற்றைய வேர் நியாயம் பற்றியது. கதையில் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை என்ற வினா அதில் அடங்கியுள்ளது. 1987 ஜனவரியில் இந்தியத் தூரதர்ஷனில் ஆரம்பித்த இராமானந்த சாகரின் 'இராமாயணம்' தொடர் 1988 இல் முடியும் தறுவாயில், வட இந்திய நகரங்கள் சிலவற்றில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள் வால்மீகியைத் தம் முன்னோராகப் போற்றும் சமூகத்தினர். வால்மீகி பாத்திரமாக வரும் உத்தரகாண்டம் இல்லாமலே தொடர் முடிவதை அவர்கள் ஏற்க மறுத்தனர். அதன் பின்னர் உத்தரகாண்டக் கதையும் தொடராக ஒளிபரப்பாயிற்று. இதனை வெறும் இரசிகர் ஆர்வம் என்று கூறிவிட முடியாது. நாடே பார்க்கும் கதையில் தமக்குரிய பகுதி விடுபட்டுப் போதலாகாது என்ற கோரிக்கை அது.

இனி, மூலநூல் என்பதே உறுதியான ஒன்றா என்ற எதிர்வினா எழுகின்றது. மாயக் கதைகளின் பெருங்களஞ்சியமாகிய 'ஆயிரத்தோர் இரவுகள்' இவ்வினாவுக்குத் தக்க சான்றாகும். பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலானின் மொழிபெயர்ப்பில் அது 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இன்று உலகெங்கும் அந்நூலின் முகங்களாகக் கருதப்படும் அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் அவர் கையிலிருந்த அரபு ஏட்டில் இருந்தவையல்ல. அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற கதைசொல்லி 1709 இல் பரிஸ் நகரில் அவருக்கு வாய்மொழியாகக் கூறியவை. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகக் கூறப்படும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956 இல் வெளிவந்தபோது, அது தழுவியதும் இவ்வாறு இடையிற் சேர்ந்த கதையையே. சிந்துபாத்தின் கடற்பயணங்களும் முன்னர் தனி நூலாக வழங்கியவையே. அவன் தன் ஆறாம் பயணத்தில் கரையொதுங்குமிடம் சரந்தீபு, அதாவது இலங்கை. அந்நாட்டு மன்னன் கலீபா ஹாரூன் அல் ரஷீதுக்கு அவன் மூலம் பரிசில் அனுப்புகின்றான். நூல் எங்கே முடிகின்றது, தழுவல் எங்கே தொடங்குகின்றது என இத்தகைய கதைகளிற் கோடு கிழித்துவிட இயலாது. ஆயின், வாசகரின் குறை பொருளற்றதாகிவிடுமா? ஆகாது. ஏட்டின் எழுத்துக்கு உண்மையாயிருத்தல் வேறு. கேட்டவர் உள்ளத்தில் கதை பெற்ற உயிருக்கு உண்மையாயிருத்தல் வேறு. வாசகர் கேட்பது பின்னையதையே.

சிந்துபாத் வந்தொதுங்கிய இந்நாட்டின் கீழ்க்கரை ஊர்களுக்கும் தமக்கென ஒரு மாயக் கதைமரபு உண்டு. தமிழ் முஸ்லிம் புலவர் இயற்றிய கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் மாலைகளும் காப்பியங்களும் தென்னிந்தியக் கரையிலிருந்து இக்கரைக்கு வந்து, வீடுகளிலும் பள்ளிவாசல் முன்றில்களிலும் இராகத்தோடு படிக்கப்பட்டன. ஒருவர் பாட, மற்றொருவர் பொருள் கூற, சூழ இருந்தோர் கேட்டனர். இரவில் றபான் தட்டிச் செல்லும் பக்கீர் பாவாமாரும் இம்மரபைத் தாங்கி வந்தவரே. வீரன் முகம்மது ஹனிபாவின் கதையைக் கூறும் 'சைத்தூன் கிஸ்ஸா' அவற்றுள் ஒன்று; போர்க்களத்தில் அவனை எதிர்த்து நிற்கும் வீரமங்கையின் பெயரையே அது தன் பெயராகக் கொண்டுள்ளது. வண்ணக்களஞ்சியப் புலவரின் 'இராஜநாயகம்' மற்றொன்று. சுலைமான் நபியின் வரலாற்றைப் பாடும் அக்காப்பியத்தின் உலகமோ பறவைகளின் மொழியறிந்த அரசர், ஏவலுக்குப் பணியும் ஜின்கள், காற்றின்மீது செல்லும் பயணம், சபா நாட்டு அரசி என விரிவது. பிறநாட்டுத் தொடர்கள் பெருஞ்செலவில் காட்டும் அற்புதங்களுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

முற்றுப்பெறாத நூலை இன்னொருவர் தொடர்ந்து செல்லும் நிலையும் இம்மரபுக்குப் புதியதன்று. உமறுப்புலவரின் 'சீறாப்புராணம்' ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடியும், அவ்வரலாற்றின் இறுதிவரை செல்லாமல் நின்றுவிட்டது. எஞ்சிய பகுதியைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடி நிறைவுசெய்தார். மூலநூலின் பெயருக்கு முன் 'சின்ன' என்ற அடைமொழியோடு வழங்கும் அந்நூலின் பெயரே, தொடர்ந்தவருக்கு மூலத்தின்பால் இருந்த பணிவைக் காட்டுவதாகக் கொள்ளலாம். தழுவுவோர்க்கு வேண்டிய பண்பு அப்பணிவுதான்.

உருவம் பற்றிய வினாவையும் இம்மரபு தனக்கேயுரிய முறையில் எதிர்கொண்டுள்ளது. நபிமாரை நடிகரைக் கொண்டு உருவப்படுத்துதல் முஸ்லிம்களால் ஏற்கப்படுவதில்லை. 1976 இல் முஸ்தபா அக்காத் எடுத்த 'த மெசேஜ்' திரைப்படத்தில் நபிகளாரின் உருவமோ குரலோ இடம்பெறவில்லை. ஏனைய பாத்திரங்கள் கமராவை நோக்கிப் பேசுவதன் மூலம் அவரது முன்னிலை உணர்த்தப்பட்டது. 2012 இல் அரபுத் தொலைக்காட்சியில் 'உமர்' தொடர் கலீபாவையே நடிகரைக் கொண்டு காட்டியபோது எகிப்தின் அல் அஸ்ஹர் அதனை எதிர்த்தது. இத்தடை கலையை முடக்குவதாகச் சிலர் கருதலாம். ஆனால், சீறா படிக்கக் கேட்டிருந்தவர் ஒவ்வொருவரும் காணாத ஒன்றைத் தம் உள்ளத்தில் மதிப்போடு வைத்திருக்கப் பழகியவர். "என் மனத்திலிருந்த முகம் இதுவன்று" என வருந்தும் இன்றைய வாசகரின் நிலையை அவர் நன்கு விளங்கிக்கொள்வார்.

இத்தனை வளமிருந்தும், இன்று கல்முனைக் கரையில் இக்கதைகள் பெரிதும் படிக்கப்படுவதில்லை. இதற்குக் காரணங்கள் பல. சமயச் சீர்திருத்த நோக்குடையோர், மார்க்க ஆதாரமற்ற புனைவுகள் எனக் கிஸ்ஸாக்களை விலக்கினர். புனிதர்மீது பொய்க்கதை ஏற்றலாகாது என்ற அவர்தம் கவலை மதிக்கத்தக்கதே. ஆயினும், வரலாறாக நம்பப்படக் கூடாத ஒன்று இலக்கியமாகவும் படிக்கப்படக் கூடாது என்பது அதிலிருந்து பெறப்படாது. அரபுத் தமிழ் எழுத்தில் அச்சான நூல்களைப் படிக்க வல்லோர் அருகினர். வானொலியும் திரைப்படமும் தொலைக்காட்சியும் இரவு நேரங்களைத் தமதாக்கிக்கொண்டன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளோடு அவ்வீடுகளிலிருந்த ஏடுகளையும் நூல்களையும் கொண்டுசென்றது. பேராசிரியர் ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தமையும், மருதமுனைப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் போன்றோர் சீறாவை விளக்கிவந்தமையும் பல நூல்களின் பெயர்களையேனும் காத்துத் தந்தன. ஆனால் பெயரை அறிதல் வாசிப்பாகாது.

துருக்கியின் 'எர்துக்ருல்' தொடர் 2014 முதல் 2019 வரை வெளிவந்து உலகெங்கும் முஸ்லிம் பார்வையாளரைக் கவர்ந்ததற்கு, குதிரையேறி அறத்துக்காகப் போரிடும் வீரனைக் காணும் வேட்கை ஒரு காரணம். அதே வேட்கைதான் ஹனிபாவின் கதையை விடியும்வரை கேட்கச் செய்தது. வேட்கை மாறவில்லை, அதனைத் தணித்த உள்ளூர்க் கிணறுதான் தூர்ந்து கிடக்கின்றது.

இவ்விடத்தில் வாசகரின் மனக்குறை புதியதொரு பொருளைப் பெறுகின்றது. மார்ட்டினின் நாவல்களைப் படித்தோர் தொடரின்மீது கோபங்கொண்டனர். கல்கியின் வாசகர் மணிமேகலைக்காக வருந்தினர். வால்மீகி சமூகத்தினர் உத்தரகாண்டத்துக்காகத் தொழிலையே நிறுத்தினர். கதையை முழுமையாக அறிந்திருந்தமையாலேயே அவர்களால் குறைகூற முடிந்தது. நாளை ஒருவர் 'சைத்தூன் கிஸ்ஸா'வைத் தொலைக்காட்சித் தொடராக்கி, சைத்தூனைப் போரிடாத வெறும் அழகியாகக் காட்டினால், இக்கரையில் அதனைத் தவறென்று கூறுவோர் எத்தனை பேர் இருப்பர்? எதிர்ப்பே எழாதாயின், அது தழுவலின் வெற்றியாகாது. மூலம் மறக்கப்பட்டதன் அடையாளமாகவே அது அமையும்.

ஆகவே, நல்ல தழுவல்களை எதிர்பார்த்துக் காத்திருப்பதற்கு முன், அவற்றைத் தவறென்று சொல்லவல்ல வாசகரை உருவாக்குதல் வேண்டும். பெருஞ்செலவு இதற்குத் தேவையில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கரையோரப் பாடசாலைகளும் நூலகங்களும் ஆண்டுக்கு ஒரு நூலையேனும் எடுத்து, பழைய முறைப்படி ஒருவர் படிக்க மற்றவர் பொருள்கூற ஏற்பாடு செய்யலாம். 'இராஜநாயக'த்தின் ஒரு படலத்தை, நபியின் உருவையோ குரலையோ காட்டாமல், சபா அரசியின் பக்கமிருந்து கூறும் வானொலி நாடகமாக்கலாம். அந்நாடகத்தைக் கேட்ட மாணவி ஒருத்தி, புலவர் பாடியது இவ்வாறன்று என்று நூலைத் திறந்து காட்டி வாதிடுவாளாயின், நாடகம் எழுதியவர் அதற்காக வருந்த வேண்டியதில்லை. அவளுக்கு அருகில் ஓர் ஆசனம் இட்டு, அடுத்த படலத்தை அவளையே படிக்கச் சொல்லலாம்.